புதுப்பிப்பு: அனலாக் சுற்று வடிவமைப்புக்கு எந்தப் புத்தகம்?

ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) தெரியும்; அனலாக் சுற்றுகளை, அதாவது தொடர்ச்சியாக மாறும் மின்னழுத்தங்களைக் கையாளும் சுற்றுகளைச் சொந்தமாக வடிவமைக்க எதைப் படிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

பலர் சொன்ன 'தி ஆர்ட் ஆஃப் எலக்ட்ரானிக்ஸ்' (மூன்றாம் பதிப்பு, 2015) அருமையான நூல்தான், ஆனால் புதியவருக்கு மலைப்பு. எனக்குக் கைகொடுத்தது அதன் செய்முறைத் துணைநூலான 'லேர்னிங் தி ஆர்ட் ஆஃப் எலக்ட்ரானிக்ஸ்'. கூடவே, சுற்றுகளைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் இலவச மென்பொருளான எல்டிஸ்பைஸ்.

எதிர்பாராதது ஒன்று. சிமுலேஷனில் இலட்சிய ஆப்-ஆம்ப்பின் (சமிக்ஞையைப் பெருக்கும் சிப்) வெளியீடு 5 வோல்ட் வரை ஏறியது. பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் சுற்றமைக்கும் பலகை) எல்எம்358 என்ற நிஜ ஆப்-ஆம்ப், அதே 5 வோல்ட் மின்வழங்கலில், ஏறத்தாழ 3.5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டது. பழுதில்லை, அதன் இயல்பே அதுதான். உற்பத்தியாளரின் தரவுத்தாளில் தெளிவாக இருக்கிறது. வெளியீடு மின்வழங்கலின் விளிம்புவரை எட்டும் எம்சிபி6002 சிப்பைப் பொருத்தியதும் சரியாகிவிட்டது. இரண்டு சிப்புக்கும் பின் (கால்) அமைப்பு ஒன்றே, வயரிங் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எம்சிபி6002 சிப்புக்கு 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.