‘ப்ளூஸ்’ பாடகர் போதகரானார்: ஒரு கலைச்சொல் வேண்டும்

அவையோர்க்கு வணக்கம்.

இராபர்ட் வில்கின்ஸ் என்னும் அமெரிக்கக் கருப்பினப் பாடகரைப் பற்றிய கட்டுரையொன்றைத் தமிழாக்கி வருகிறேன்; திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 1896இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த அவர் 1928 முதல் 1935 வரை, அமெரிக்கக் கருப்பின மக்களின் துயரம் தோய்ந்த பாட்டு மரபாகிய ‘ப்ளூஸ்’ பாடல்களை இசைத்தட்டுகளுக்குப் பாடினார். பிறகு, தாம் பாடப் போன வீட்டு விருந்தொன்றில் மூண்ட அடிதடியைக் கண்டு மனம் வெறுத்து, அப்பாடல்களைக் கைவிட்டு, மெம்ஃபிஸ் நகரில் சபைப் போதகரானார். முதல் வரைவில் ப்ளூஸைச் ‘சோக இசை’ என்று எழுதினேன். மூன்றாம் பத்தியிலேயே, சனிக்கிழமை இரவுகளில் மக்கள் சோக இசைக்குக் கூடி ஆடினார்கள் என்று எழுத நேர்ந்தது. சொல்லுக்குச் சொல் ‘நீல இசை’ என்றால் வாசகர் மனம் வேறெங்கோ போய்விடும். தக்க சொல் தந்து உதவுங்கள்.

*

அம்மா, வணக்கம்.

‘விளரிப்பாட்டு’ என்பதை முன்மொழிகிறேன். விளரி ஏழிசையுள் ஒன்று. இரங்கற்பண்ணுக்கும் அதுவே பெயர். புறநானூற்றின் 260ஆம் பாட்டில், பாணன் எப்படித் தொட்டாலும் யாழ் நரம்பு தானே திரிந்து விளரியில் போய் நிற்கிறது. ப்ளூஸின் உயிரும் அந்தத் திரிபில்தான் இருக்கிறது: மூன்றாம், ஏழாம் சுரங்கள் தம் இடத்திலிருந்து சற்றே இறங்கி, ஆர்மோனியத்தின் எந்தக் கட்டைக்கும் அகப்படாமல் இடையில் நின்று ஒலிக்கின்றன. ‘விளர்’ என்றால் வெளுத்தல். அவர்களுக்குத் துயரம் நீலமானால், பிரிவுத் துயரில் மேனி வெளுக்கும் பசலையைப் பாடிய நமக்கு அது வெளுப்பு. அன்றியும் ‘ப்ளூஸ்’ மெய்யெழுத்தில் தொடங்குகிறது. தொல்காப்பியம் அதற்கு இடந்தரவில்லை.

*

ஐயா, தங்கள் விளக்கம் நெஞ்சைத் தொட்டது. ஆயினும் வகுப்பில் ‘விளரி’ என்றால், ப்ளூஸை விளக்குமுன் விளரியை விளக்கவே மணி அடித்துவிடும். புறப்பாட்டில் அது தீநிமித்தமும் ஆகும். ஆடவும் பாடவும் கூடிய கூட்டத்துக்கு அது பொருந்துமா? முதலெழுத்துத்தான் தடை என்றால் ‘புளூசு’ என்று எழுதலாம்.

நான் அதைவிடக் கவலைப்படுவது மறுபாதியைப் பற்றி: போதகரானபின் அவர் பாடிய ‘காஸ்பெல்’ (gospel) பாடல்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘நற்செய்தி இசை’ என்பது கத்தோலிக்கர் வழக்கை ஒட்டியது. வில்கின்ஸ் சேர்ந்ததோ பெந்தெகொஸ்தே மரபுச் சபை. அம்மரபினர் தமிழில் ‘சுவிசேஷம்’ என்றே சொல்கிறார்கள். 1929இல் அவர் பதித்த பாட்டில், பெண்களால் நொந்த ஒருவன் வீடு திரும்பித் தாயிடம் முறையிடப் போகிறான். 1964இல் அதே மெட்டில், வேதாகமத்தின் லூக்கா 15ஆம் அதிகாரக் கதையின்படி, மகன் தந்தையிடம் திரும்புகிறான். ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவினர் 1968இல் பாடியது இந்தப் பிற்கால வடிவத்தைத்தான். ‘Prodigal Son’ என்னும் அதன் தலைப்பைக் ‘கெட்ட குமாரன்’ என்றே எழுதுங்கள். வேதாகமம் படிக்கும் எவரும் உடனே அறிந்துகொள்வார்.

*

அனைவருக்கும் நன்றி. ‘சுவிசேஷப் பாடல்’, ‘கெட்ட குமாரன்’ இரண்டையும் ஏற்கிறேன். பெரும்பாலோர் எழுத்துப்பெயர்ப்பே போதும் என்கிறார்கள். ‘புளூசு’ கண்ணுக்கு உறுத்துவதால் ‘ப்ளூஸ்’ என்றே அனுப்புகிறேன்.

*

அம்மா, அப்படியே அனுப்புங்கள். ஆனால் என் கருத்து மாறவில்லை. தாயிடம் போன பாட்டும் தந்தையிடம் போன பாட்டும் ஒரே மெட்டு என்று இங்கேயே எழுதியிருக்கிறார்கள். ‘ப்ளூஸ்’, ‘சுவிசேஷம்’ என்று பிரித்து எழுதினால் வாசகர் இரண்டையும் வேறு வேறு இசை என்றே எண்ணுவார். விளரி பண்ணின் பெயர். அதில் எதைப் பாடினாலும் அது விளரிதான். அடிக்குறிப்பிலாவது அந்தச் சொல்லுக்கு ஓர் இடம் கொடுங்கள்.