சக மாணவர் கருத்து "அருமை"யோடு நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

பிரிக்பீல்ட்ஸ் விரிவுரையாளர்:
வணக்கம். கோலாலம்பூரில் தனியார் கல்லூரி ஒன்றில் டிப்ளோமா மாணவர்கள் 24 பேருக்குத் தமிழ்க் கட்டுரை வகுப்பு. வாதக் கட்டுரையைக் கூகுள் டாக்ஸில் எழுதி, ஒருவருடையதை மற்றவர் படித்துக் கருத்து இடவேண்டும். வருவதெல்லாம் "அருமை", "நன்று", இல்லாவிட்டால் விடுபட்ட ஒற்றுகளின் பட்டியல். வாதத்தை யாரும் தொடுவதில்லை. கூகுள் கிளாஸ்ரூம் வழியாகத்தான் கொடுக்கிறேன். எங்கே மாற்ற வேண்டும்?

தண்ணீர்மலை:
வணக்கம். "படித்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்றால் மாணவருக்கு எதைத் தேடுவதென்று தெரியாது. தெரிந்தது ஒற்றுப்பிழை, அங்கே போய்விடுவார்கள். வேலையைக் குறுக்கிக் கொடுங்கள்.

தைப்பூசத்தில் தேங்காய் உடைப்பதைக் குறைக்கலாமா என்று தலைப்பு வையுங்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் குறைக்கச் சொல்லி வந்திருக்கிறது, நேர்த்திக்கடன் என்று மறுப்பவர்களும் உண்டு, ஆகவே இரு தரப்புக்கும் சரக்கு இருக்கிறது. படிப்பவர் முதலில் எழுதியவரின் நிலைப்பாடு உள்ள வாக்கியத்தைத் தேர்ந்து "நிலைப்பாடு" என்று கருத்து இடட்டும். கிடைக்காவிட்டால் தலைப்பின் மேல் "காணவில்லை" என்று இடட்டும். பிறகு ஆதாரமில்லாத ஒரே ஒரு கூற்றைப் பிடித்துக் கேள்வி கேட்கட்டும்: "வீணாகிறது என்கிறீர்களே, உடைத்த தேங்காயை அப்புறம் யார் அள்ளுகிறார்கள்?" கடைசியாக, எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தாமே எழுதிக் கொடுக்கட்டும். கட்டுரையை உண்மையில் மாற்றுவது இதுதான், ஏனென்றால் எழுதியவர் அதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

மூவர் மூவராகப் பிரித்து ஆளுக்கு இரண்டு கட்டுரை போதும். 600 சொல் கட்டுரைக்கு 20 நிமிடம். முதல் சுற்றில் ஒற்றுப்பிழையை யாரும் தொடக்கூடாது. அடுத்த வரைவில் அந்தப் பத்தியே போய்விடலாம், அதில் வல்லினம் மிகுந்தால் என்ன, மிகாவிட்டால் என்ன? சந்தியைக் கடைசி வரைவில் நீங்களே பாருங்கள்.

சுங்கை நிபோங்:
மேலே சொன்னது சரி. ஆனால் கிளாஸ்ரூமில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. "ஒவ்வொருவருக்கும் ஒரு நகல்" என்று கொடுத்தால் அந்த நகல் மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும், குழுவினருக்குத் திறக்காது. எழுதியவரே பகிர்ந்து மற்ற இருவருக்கும் கருத்து இடும் உரிமை மட்டும் தரவேண்டும். திருத்தும் உரிமை கொடுத்தால் நண்பர்கள் வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவார்கள், யோசிக்கும் வேலை எழுதியவரிடமிருந்து போய்விடும். இதெல்லாம் ஒப்படைக்கும் முன்பே முடியவேண்டும். ஒப்படைத்ததும் மாணவரால் பார்க்க மட்டுமே முடியும், திருத்த முடியாது.

இன்னொன்று: கருத்தை "தீர்ந்தது" என்று அழுத்தினால் அது பக்கத்திலிருந்து மறைந்துவிடும். அதற்குமுன் ஒவ்வொரு கருத்தின் கீழும் "மாற்றினேன்" அல்லது "மாற்றவில்லை, ஏனென்றால்..." என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் தருவதாக இருந்தால் அந்த வரிக்குத் தாருங்கள். பதிப்பு வரலாற்றில் கருத்துக்கு முந்தியதை "வரைவு 1" என்றும் பிந்தியதை "வரைவு 2" என்றும் பெயரிட வைத்தால், என்ன மாறியது என்பது உங்களுக்கு ஒரு நிமிடத்தில் தெரியும்.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டி ஒட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துரு மாறியவுடன் கட்டுரை முழுவதும் ஆங்கில எழுத்துகளாகிவிடும். முரசு அஞ்சலோ செல்லினமோ, எந்தத் தமிழ்த் தட்டச்சுச் செயலியானாலும் யூனிகோடில் எழுதுவதை முதல் வாரமே கட்டாயமாக்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் விரிவுரையாளர்:
மிக்க நன்றி. நண்பரின் பெயர் தெரிவதால் கேள்வி கேட்கவே கூச்சப்படுகிறார்கள். அதற்கு வழி உண்டா?

தண்ணீர்மலை:
கூகுள் டாக்ஸில் பெயரை மறைப்பது கடினம். கல்லூரியில் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் இருந்தால் அதிலுள்ள "வொர்க்‌ஷாப்" செயல்பாட்டைப் பாருங்கள். எழுதியவர் பெயர், மதிப்பிட்டவர் பெயர் இரண்டையும் அனுமதி அமைப்பில் மறைக்கலாம். கட்டுரைக்கு 80 மதிப்பெண், பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கு 20 என்று தொடக்கத்தில் இருக்கும், பின்னதை 40 ஆக்கினால் கவனமாகப் படிப்பார்கள். ஒப்படைப்பு முடிந்ததும் யாருக்கு எந்தக் கட்டுரை என்று ஒதுக்கிவிட்டு, மதிப்பீட்டுக் கட்டத்துக்கு நீங்களே மாற்றவேண்டும். ஒதுக்க மறந்தால் மாணவருக்கு வெறும் பக்கம்தான் தெரியும். பெயரை மறைத்தாலும் கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் மாணவர் தம் பெயரை எழுதிவிடுவார், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.