உதவி தேவை: ரென்ட் ஸ்டெபிலைஸ்ட் வீட்டுக்குத் திடீரென்று 2,956 டாலர் கேட்கிறார்கள்

சுந்தர்_87
அவசரம். ரென்ட் ஸ்டெபிலைஸ்ட், அதாவது வருடத்துக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உள்ள வீடு என்று சொல்லித்தான் இதைக் கொடுத்தார்கள். இப்போது 2,100 கட்டுகிறேன். ரின்யூவல் ஃபார்மில் 2,956 போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜ்மென்ட் ஆபீசுக்குப் போன் போட்டால், "அதுதான் சட்டப்படியான வாடகை, இஷ்டம் இல்லையென்றால் காலி செய்யுங்கள்" என்கிறார் ஒரு அம்மா. இப்படி ஏற்றலாமா? மனைவிக்கு ஏழாவது மாதம், இந்த நேரத்தில் வீடு மாற முடியாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஜெர்சி_ரவி
முதலில் எந்த ஊர் என்று சொல்லுங்கள். நியூயார்க் என்றால் ஒரு சட்டம், எங்கள் ஜெர்சி சிட்டி என்றால் வேறு சட்டம். எப்போது குடிவந்தீர்கள், லீஸ் எந்தத் தேதியில் முடிகிறது, ஒன்றுமே இல்லையே.

பிராங்க்ஸ்_பாலு
புதுக் கட்டடமா? அப்படியென்றால் கதை முடிந்தது. 421-ஏ வரிச்சலுகையில் கட்டிய கட்டடங்கள் சலுகை இருக்கும்வரைதான் ஸ்டெபிலைஸ்ட். அது தீர்ந்தால் மார்க்கெட் வாடகைக்குப் போய்விடும். எங்கள் நண்பர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. நிச்சயம் இதுதான்.

விஜி
எனக்கென்னவோ நெட் எஃபெக்டிவ் வாடகைக் குழப்பம் போலத் தெரிகிறது. முதல் வருடம் ஒன்றிரண்டு மாதம் இலவசம் கொடுத்திருப்பார்கள், அதைக் கழித்த தொகையை நீங்கள் வாடகை என்று நினைத்திருப்பீர்கள். இலவச மாதம் வாங்கினீர்களா?

மூத்தகுடி
மாதம் ஒருமுறை இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி எதற்கு இருக்கிறது? ரென்ட் கன்ட்ரோல் வேறு, ரென்ட் ஸ்டெபிலைசேஷன் வேறு. முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். முதலாவது 1971 ஜூலைக்கு முன்பிருந்து தொடர்ந்து குடியிருப்பவர்களுக்கு. இரண்டாவது 1974-க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளுக்குக் குறையாத கட்டடங்களுக்கு. பாலு, 421-ஏ என்றாலும் சலுகை முடியும் தேதி ஒவ்வொரு லீஸிலும் அறிவிப்பாக இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த வாடகைதாரர் இருக்கும்வரை ஸ்டெபிலைஸ்ட்தான். அரைகுறையாகச் சொல்லி ஆளை பயமுறுத்தாதீர்கள்.

சுந்தர்_87
நியூயார்க்தான். குயின்ஸ், எல்ம்ஹர்ஸ்ட். ஆறு மாடிப் பழைய செங்கல் கட்டடம். 2022-இல் வந்தோம். இலவச மாதமெல்லாம் கிடையாது. ஃபார்ம் போன செவ்வாய், டிசம்பர் 9 அன்று கதவடியில் கிடந்தது. லீஸ் பிப்ரவரி 28-இல் முடிகிறது.

மணிமேகலை
2,956-ஐ 1.03-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,870 வரும். 2025 அக்டோபர் முதல் தொடங்கும் ஒரு வருட லீஸுக்கு ரென்ட் கைட்லைன்ஸ் போர்டு (ஸ்டெபிலைஸ்ட் வீடுகளின் வாடகை உயர்வை முடிவு செய்யும் நகர அமைப்பு) அனுமதித்த உயர்வு 3 சதவீதம். ஆக யாரோ 2,870-ஐ அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் லீஸில் எங்காவது அந்த எண் இருக்கிறதா? கடைசிப் பக்கங்களில், ரைடர்களில் (லீஸோடு சேர்க்கும் இணைப்புத் தாள்கள்) பாருங்கள்.

சுந்தர்_87
இருக்கிறது!! பின்னால் பின் அடித்த ஒரு தாளில் "லீகல் ரெகுலேட்டட் ரென்ட் 2,870, பிரெஃபரென்ஷியல் ரென்ட் 2,100" என்று போட்டிருக்கிறது. நான் 2,100-ஐ மட்டும்தான் பார்த்தேன்.

மணிமேகலை
அவ்வளவுதான் விஷயம். உரிமையாளர் சட்டப்படி வாங்கக்கூடிய தொகையை விடக் குறைத்து வாங்கினால் அது பிரெஃபரென்ஷியல் ரென்ட். முன்பெல்லாம் ரின்யூவல் வந்ததும் அதை ரத்து செய்து முழுத் தொகைக்குத் தாவலாம். பலர் அப்படித்தான் வீட்டை இழந்தார்கள். 2019 ஜூன் 14-இல் வந்த மாநிலச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இப்போது நீங்கள் குடியிருக்கும்வரை நீங்கள் கட்டும் வாடகையின் மேல்தான் சதவீதம் ஏறும். 2,100-க்கு 3 சதவீதம் என்றால் 2,163. இரண்டு வருட லீஸ் என்றால் 4.5 சதவீதம், 2,194.50.

ஒரே ஒரு விதிவிலக்கு: அரசு முகமையோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டிய சில கட்டடங்கள். உங்களுடையது பழைய சாதாரணக் கட்டடம் மாதிரித்தான் இருக்கிறது, இருந்தாலும் அந்த ரைடரில் அப்படி ஏதாவது வாசகம் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், மாநில வீட்டுவசதித் துறையான டி.எச்.சி.ஆரின் தளத்தில் ரென்ட் ஹிஸ்டரி கேளுங்கள். இலவசம், தபாலில் வரும். வருடாவருடம் என்ன வாடகை பதிந்தார்கள் என்று அதில் இருக்கும். அந்த 2,870-ஏ சரிதானா என்பதும் தெரிந்துவிடும்.

ஜெர்சி_ரவி
போனில் சண்டை வேண்டாம், எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பதில் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு.

ஓனர்_பக்கமும்_பாருங்க
எல்லாரும் உரிமையாளரைத் திட்டுவது சுலபம். நான் சின்ன அளவில் வீடு வாடகைக்கு விடுபவன். அந்த 2019 சட்டம் வந்த பிறகு, காலியான வீட்டைப் புதுப்பிக்கச் செய்யும் செலவில் 15 வருடத்துக்கு 15,000 டாலருக்கு மேல் கணக்கு காட்டி வாடகை ஏற்ற முடியாமல் இருந்தது. நாற்பது வருடம் ஒரே ஆள் இருந்த வீட்டில் வயரிங், குழாய், சமையலறை எல்லாம் மாற்ற 15,000 எந்த மூலைக்கு? அதனால்தான் பலர் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

பிராங்க்ஸ்_பாலு
2024-இல் அதை 30,000 ஆக்கிவிட்டார்களே, சில வீடுகளுக்கு 50,000 வரைகூட. 2019 சட்டத்துக்கு முன்னால் குளியலறையில் நாலு டைல்ஸ் மாற்றிவிட்டு வாடகையை எக்கச்சக்கமாக ஏற்றியதும் நீங்கள்தானே?

ஓனர்_பக்கமும்_பாருங்க
நான் இல்லை. பெரிய கம்பெனிகள் செய்ததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? சென்னையில் உங்கள் அப்பா மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போது பத்து மாத அட்வான்ஸ் வாங்கவில்லையா?

விஜி
தமிழ்நாட்டில் 2017 சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது.

மூத்தகுடி
ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவும் செல்லும் என்று அதே பிரிவிலேயே இருக்கிறது. படித்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள். நியூயார்க்கில் ஒரு மாதத்துக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, பேச்சுக்கே இடமில்லை. சரி, இழை எல்ம்ஹர்ஸ்ட்டைப் பற்றியது, மயிலாப்பூரைப் பற்றியது அல்ல.

சுந்தர்_87
ஒரு சந்தேகம். நான் எச்1பி-யில் இருக்கிறேன். எதிர்த்துக் கேட்டால் விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வருமா? அந்த அம்மா பேசிய தொனியே சரியில்லை.

மணிமேகலை
வராது தம்பி. வாடகைப் பாதுகாப்புக்கும் குடியுரிமைக்கும் சம்பந்தமே இல்லை. குடியேற்ற நிலையைச் சொல்லி மிரட்டினால் அது அவர்கள் மேல்தான் குற்றமாகும். தைரியமாக இரண்டே வரி எழுதுங்கள்: "நான் கட்டுவது பிரெஃபரென்ஷியல் ரென்ட், 2019 சட்டப்படி உயர்வு அதன் மேல்தான், திருத்திய ரின்யூவல் ஃபார்ம் (ஆர்.டி.பி-8) அனுப்புங்கள்." ரைடரின் போட்டோவை இணையுங்கள். அவ்வளவு போதும்.

இன்னொன்று. அவர்கள் ஃபார்மை லீஸ் முடிய 150 நாளுக்கும் 90 நாளுக்கும் இடையில் தந்திருக்க வேண்டும். அதாவது நவம்பர் 30-க்குள். உங்களுக்கு வந்தது டிசம்பர் 9. தாமதமானால் உயர்வு எப்போது தொடங்குவது என்பதில் உங்களுக்குச் சலுகை உண்டு: ஃபார்ம் தந்து 90 நாள் கழிந்த பின் வரும் முதல் வாடகைத் தேதி. உங்கள் கணக்கில் அது ஏப்ரல் 1. மார்ச் மாதம் பழைய 2,100 கட்டினால் போதும்.

பிராங்க்ஸ்_பாலு
ஒரு வருடம் எடுங்கள், இரண்டு வேண்டாம். மம்தானி ஸ்டெபிலைஸ்ட் வீடுகளின் வாடகையை ஏற்றாமல் உறையவைப்பேன் என்று சொல்லித்தான் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்தார்.

மூத்தகுடி
மேயர் நேரடியாக எதையும் உறையவைக்க முடியாது. ஒன்பது பேர் கொண்ட கைட்லைன்ஸ் போர்டு ஓட்டுப் போடும். மேயர் அவர்களை நியமிப்பார். முன்னாள் மேயர் டி பிளாசியோ காலத்தில் 2015, 2016, 2020 என மூன்று முறை ஒரு வருட லீஸுக்கு பூஜ்யம் வந்தது, ஆகவே நடக்காத காரியமும் அல்ல. கணக்கு இதுதான்: இரண்டு வருடம் எடுத்தால் முதல் வருடம் மாதம் 31.50 அதிகம் கட்டுவீர்கள். அடுத்த முறையும் 3 சதவீதம் என்றால் இரண்டாம் வருடம் 2,228 வரும், அங்கே 33 டாலர் மிச்சம். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பூஜ்யம் வந்தால் ஒரு வருட லீஸ்காரர் இரண்டு வருடத்தில் 756 டாலர் லாபம் பார்ப்பார். 3-க்கு மேல் போனால் இரண்டு வருடக்காரர் ஜெயிப்பார். உங்கள் ஊகம், உங்கள் பணம்.

கமலி_என்
புது வீடு தேடுகிறேன், குடிபோவதற்கு முன்பே ரென்ட் ஹிஸ்டரி பார்க்க முடியுமா?

மூத்தகுடி
முடியாது, குடியிருப்பவருக்கோ உரிமையாளருக்கோதான் தருவார்கள். ஸ்டெபிலைஸ்ட் வீடுகள் உள்ள கட்டடங்களின் பட்டியல் கைட்லைன்ஸ் போர்டு தளத்தில் இருக்கிறது, ஆனால் கட்டடத்தில் எந்த வீடு ஸ்டெபிலைஸ்ட் என்று அது சொல்லாது. தனி இழை தொடங்குங்கள்.

சுந்தர்_87
புது ஃபார்ம் வந்துவிட்டது, 2,163. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "சிஸ்டம் தவறு" என்று ஒரு வரி. ஒரு வருடத்துக்கே போடுகிறேன். எல்லாருக்கும் நன்றி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஓடுகிறேன்.

மணிமேகலை
சந்தோஷம். உயர்வு மார்ச்சிலிருந்து என்று போட்டிருக்கிறார்களா, ஏப்ரலிலிருந்தா? கையெழுத்துக்கு முன் அதைப் பாருங்கள்.

ஓனர்_பக்கமும்_பாருங்க
ஒரு மாத 63 டாலரையும் விடமாட்டீர்களா!

விஜி
மாட்டோம்.