சம்பா வயலில் எலி வெட்டு: மருந்து வைத்தால் கூகைக்கும் விஷம் ஏறுமா?

கோரையாற்றுக்கரை

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வேலி (ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்) நிலம். நெல் ரகம் சி.ஆர். 1009 சப்-1, நடவு முடிந்து 50 நாள். வயலின் நடுவில் வட்டம் வட்டமாகத் தூர் வெட்டு விழுந்திருக்கிறது. ஓர வரிசைகள் அப்படியே நிற்கின்றன. புரோமோடையலோன் என்ற எலி மருந்துக் கேக் வாங்கி வரப்பில் போடச் சொல்கிறார்கள். பக்கத்துச் சிவன் கோயில் கோபுரத்தில் ஒரு ஜோடி கூகை (ஆந்தை வகை) உண்டு, இரவில் எங்கள் பகுதி வயல்களில்தான் இரை தேடும். மருந்து தின்ற எலியைப் பிடித்தால் கூகைக்கும் விஷம் ஏறுமா? ஏறும் என்றால் பயிரையும் காப்பாற்றி அதையும் விட்டுவைக்க என்ன வழி? பக்கத்து வயல்காரர் வரப்போரம் கம்பி இழுத்துக் கரண்ட் விடலாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வெண்ணாறு

ஏறும். எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் எங்கே தவிர்க்கலாம் என்பதும் பிடிபடும்.

புரோமோடையலோன் ரத்தத்தை உறையவிடாத மருந்து. உடம்பில் வைட்டமின் கே திரும்பத் திரும்பப் பயன்படுவதை நிறுத்திவிடும்; எலி உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். ஆனால் தின்ற அன்றே சாகாது. நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் நடமாடும். கேக் கையெட்டும் இடத்தில் கிடந்தால் அத்தனை நாளும் தின்றுகொண்டே இருக்கும். அதனால் சாவதற்குத் தேவையான அளவைத் தாண்டி ஈரலில் மருந்து சேர்ந்துவிடுகிறது. கடைசி நாட்களில் சோர்ந்து, பட்டப்பகலில் வெளியே வந்து வரப்பில் தள்ளாடும். கூகை, கருந்தோள் பருந்து, கீரி, காட்டுப்பூனை எதுவானாலும் முதலில் சிக்குவது இந்த எலிதான். கூகை எலியை முழுசாக விழுங்கும், ஈரலோடு சேர்த்து. கூகையின் ஈரலிலும் அந்த மருந்து மாதக்கணக்கில் தங்கும். முதல் எலியில் சாகாவிட்டாலும் அடுத்தடுத்த எலிகளில் கூடிக்கொண்டே போகும். குஞ்சு இருக்கும் காலமாக இருந்தால் பெற்றோர் கொண்டுவந்து ஊட்டுவதும் அதே எலியைத்தான்.

ஜிங்க் பாஸ்பைடு என்ற இன்னொரு எலி மருந்து வேறு மாதிரி. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். தசையிலும் ஈரலிலும் அப்படித் தங்காது. கூகைக்கு ஆபத்து குறைவு. ஆனால் எலியின் இரைப்பையில் செரிக்காமல் கிடக்கும் மருந்து நாய்க்கும் நரிக்கும் எமன். அதைவிடப் பெரிய கேடு, தானியத்தில் கலந்து வரப்பில் தூவுவதால் சில்லை, புறா, மயில், மேய்ச்சலுக்கு ஓட்டிவரும் வாத்து எல்லாம் நேராகத் தின்று சாவது. மயிலைக் கொல்வது 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம். 'எலிக்குத்தான் வைத்தேன்' என்பது அங்கே எடுபடாது.

கரண்ட் கூடவே கூடாது. ஈர வரப்பில் 230 வோல்ட் விட்டால் இரவில் மடை திறக்க வருகிற ஆள்தான் முதலில் மாட்டுவார். நரி, கீரி, பாம்பு எதுவும் மிஞ்சாது. அது மின் திருட்டு வழக்கு மட்டும் அல்ல, உயிர்ப்பலி வழக்கு.

50 நாள் பயிர் என்றால் இன்னும் கைவசம் காலம் இருக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் வெட்டினால் பயிர் கொஞ்சம் தேற்றிக்கொள்ளும். பொதி கட்டிய பிறகு, அதாவது தண்டுக்குள் கதிர் உருவான பிறகு, வெட்டியது திரும்பாது. கதிர் பால் பிடித்துவிட்டால் எந்த மருந்தும் வீண், வயல் முழுக்க விருந்து இருக்கும்போது எலி உங்கள் குருணையை எதற்குத் தேடி வரும்? ஆகவே செய்வதை அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்யுங்கள்.

மூங்கில்கிட்டி

அண்ணே, மருந்துக்கு முன்னால் கிட்டி. நம் தஞ்சாவூர் கிட்டி, அதாவது நாண் ஏற்றி எலியைப் பிடிக்கும் மூங்கில் பொறி, இந்த மண்ணுக்கென்றே உண்டானது.

முதலில் உயிர் வளை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலம் வரப்பு முழுக்க நடந்து எல்லா வளை வாயையும் சேற்றால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. நண்டு வளையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: நண்டு வளை வாயில் ஈர மண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கரம்பை எலி வளை வாயில் புது மண் பொலபொலவென்று மேடாகக் குவிந்திருக்கும், பக்கத்தில் சாய்வாகக் கடித்த தூர்த் துண்டு கிடக்கும். வாய் மண் இறுகி, சிலந்தி வலை கட்டியிருந்தால் அது பழைய வளை. அதில் சாரையோ தேரையோ குடியிருக்கலாம், தோண்ட வேண்டாம்.

எக்டேருக்கு 100 கிட்டி என்பது பரிந்துரை. ஒரு வேலிக்குக் கணக்குப் போட்டால் 270 பக்கம் வரும். அத்தனையும் ஒரே இரவில் வேண்டியதில்லை; 70 கிட்டியை நான்கு இரவு இடம் மாற்றி மாற்றி வைத்தாலும் வேலை நடக்கும். வளை வாயில் வைக்காமல், வளையிலிருந்து வயலுக்குள் போகும் தடத்தில் வையுங்கள். வழக்கமான தடத்தில் புல் படிந்து வழவழப்பாக இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். இரைக்குப் பொரி, வறுத்த அரிசி மாவு, நண்டுத் துண்டு. முதல் இரவு நாணை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கினால் மறுநாள் பிடிப்பு கூடும். நாண் கயிறு மழையில் ஊறினால் தளர்ந்து அடி மெதுவாக விழும், எலி உருவிக்கொண்டு ஓடிவிடும். ஐப்பசி மழையில் தினமும் இறுக்கிப் பாருங்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பகலில் விட்டுவைத்தால் கானாங்கோழியும் செம்பூத்தும் மாட்டும்.

கிட்டி வைக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள், வாலுக்கு இவ்வளவு என்று கூலி. கேக்குக்குக் கொடுக்கிற பணத்தை அவர்களுக்குக் கொடுத்தால் செத்த எலி கையில் கணக்காக வரும், எந்தப் பறவை வயிற்றுக்கும் போகாது.

வடுவூர் ஏரிக்கரை

கூகை ஜோடி கோபுரத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய கொடை. குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஓர் இரவில் பல எலிகளைக் கொண்டுபோகும். கோபுரத்தின் அடியில் பாருங்கள், கட்டைவிரல் அளவில் கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடக்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை கக்கியது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு முழுசாக வரும். அதை எண்ணினாலே என்ன தின்கிறது என்று ஊருக்குக் காட்டிவிடலாம். 'சாவுக்குருவி' என்று கல்லெறிகிறவர்களிடம் நான்கு மண்டையோட்டைக் கையில் கொடுப்பது நூறு பேச்சுக்கு மேல்.

வயலில் இருக்கை வையுங்கள். தென்னை மட்டையை ஓலை கழித்து, அகன்ற அடிப்பக்கம் மேலே வரும்படி நட்டால் போதும், கூகை கால் பதித்து உட்கார அகலம் கிடைக்கும். பயிருக்கு மேலே மூன்று அடியாவது நிற்க வேண்டும். மூங்கிலில் T வடிவம் என்றால் குறுக்குக் கட்டை கட்டைவிரல் பருமனுக்குக் குறையக் கூடாது. காற்றில் ஆடினால் கூகை உட்காராது, ஒன்றரை அடி ஆழம் இறக்குங்கள். வெட்டு விழுந்த வட்டங்களைச் சுற்றி நெருக்கமாகவும் மற்ற இடத்தில் தள்ளித் தள்ளியும் வைக்கலாம்.

கூகை குஞ்சு பொரிக்கப் பெட்டி வைக்க விருப்பம் இருந்தால்: தரை இரண்டடிக்கு ஒன்றரை அடி, உயரம் இரண்டடி, வாசல் ஆறு அங்குலச் சதுரம். வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே இருக்க வேண்டும், தாழ்வாக வைத்தால் குஞ்சு விழும். அடியில் நீர் வடிய நான்கு துளை. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் செய்து 12 முதல் 15 அடி உயரக் கம்பத்தில் ஏற்றுங்கள். வாசல் வடகிழக்கைப் பார்த்தால் கார்த்திகைச் சாரல் முழுக்க உள்ளேதான் அடிக்கும், தென்மேற்குப் பக்கம் திருப்பிவிடுங்கள். சில மாதம் காலியாகவே கிடக்கும், இடம் மாற்றாதீர்கள்.

கோரையாற்றுக்கரை

இரண்டு சந்தேகம். பால் பிடித்ததும் இருக்கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குருவி உட்கார்ந்து கதிரைக் காலி செய்யும் என்கிறார்களே? கிட்டியிலும் அடங்காமல் மருந்து வைத்தே தீரவேண்டும் என்றால் எப்படி வைப்பது?

வெண்ணாறு

எடுத்துவிடுவதுதான் நல்லது. கதிர் முற்றும்போது மைனாவும் கிளியும் அதில் இறங்கும்.

மருந்து என்றால் ஜிங்க் பாஸ்பைடு, அதுவும் ஒரே முறை. 49 பங்கு குருணைக்கு 1 பங்கு மருந்து. 50 உயிர் வளைக்கு அரை கிலோ போதும்: 490 கிராம் குருணை, 10 கிராம் மருந்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் எண்ணெய். முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத குருணையை வளைக்குள் வைத்துப் பழக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டுவதால்தான் பெரும்பாலும் தோற்கிறது: எலி கொஞ்சம் கொறித்து, வயிறு எரிந்து, பிழைத்து, பிறகு அந்தப் பக்கமே வராது. மருந்து நாளில் வளைக்கு 10 கிராம், காகிதப் பொட்டலமாக, ஒரு முழம் உள்ளே தள்ளி வாயைச் சேற்றால் அடையுங்கள். வெளியே ஒரு மணி சிந்தக் கூடாது. கலப்பதைத் திறந்த வெளியில், கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈரம் படாமல் செய்யுங்கள். மழை மூட்டமான நாளில் வேண்டாம். அடுத்த மூன்று நாள் விடியலில் வரப்பைச் சுற்றி, செத்த எலியைப் பொறுக்கி இரண்டடிக் குழியில் புதையுங்கள். வாத்து மேய்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வடுவூர் ஏரிக்கரை

இருக்கை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. வயலுக்குள் இருப்பதை எடுங்கள், சரி. வரப்பில் இருப்பதை விட்டுவையுங்கள்; எலி கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்ப்பதே அந்த நேரத்தில்தான். பகல் குருவி தொல்லை என்றால் குறுக்குக் கட்டையைக் காலையில் கழற்றிச் சாயங்காலம் மாட்டும்படி செருகி வைத்தால் தீர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எலிப் பெருக்கம் தானாக வந்ததில்லை, நாம் உண்டாக்கியது. 1970-கள் வரை தோலுக்காகச் சாரைப்பாம்பை மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். இன்றும் சாரையைக் கண்டால் கம்பைத் தேடுகிறோம். நரியை விரட்டினோம். வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலத்தை வளரவிட்டு எலிக்குக் காடு அமைத்துக் கொடுத்தோம். வரப்பை அகலமாகப் போட்டு வீட்டையும் கொடுத்தோம். ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேல் வரப்பு இருந்தால் வளை பின்னத் தாராளமான இடம். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல் காயும்போது எலி முழுவதும் வரப்பிலும் வைக்கோல் போரடியிலும்தான் ஒதுங்கும். ஊரே ஒன்றாக வளை வெட்ட வேண்டிய நேரம் அது. ஒருவர் வயலை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த வயலிலிருந்து சில வாரத்தில் வந்து நிரப்பிவிடும். 22 நாள் சினை, ஓர் ஈற்றுக்கு ஆறேழு குட்டி என்றால் கணக்கைப் பாருங்கள்.

கோயிலில் திருப்பணி ஏதும் வருகிறதா என்று விசாரித்து வையுங்கள். புறாவுக்குப் பயந்து கோபுர மாடங்களை வலை போட்டு அடைப்பார்கள். குஞ்சு உள்ளே இருக்கும்போது அடைத்தால் அத்தனையும் பட்டினியில் சாகும். அந்திக்குப் பிறகு கீழே நின்று கேளுங்கள், சீறுகிற மாதிரி விடாத சத்தம் வந்தால் குஞ்சு இருக்கிறது. அது பறந்து போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை அந்த ஒரு மாடத்தை மட்டும் விடச் சொன்னால் ஸ்தபதிகள் பெரும்பாலும் கேட்பார்கள்.

மூங்கில்கிட்டி

பக்கத்து வயல்காரர் ஏற்கெனவே கேக் போட்டுவிட்டாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். போட்டிருந்தால் இரண்டு வாரம் நீங்களும் காலையில் எலி பொறுக்க வேண்டும்.

வெண்ணாறு

அப்படிப் போட்டிருந்தால் கூகையையும் கவனியுங்கள். பகலில் தரையில் சிறகு தொங்க உட்கார்ந்திருந்தால், அலகைத் திறந்து பார்க்கும்போது வாய் வெளுத்திருந்தால், ரத்தக் கசிவு தொடங்கிவிட்டது. துணியால் போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். தண்ணீரோ இறைச்சியோ திணிக்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், 'புரோமோடையலோன்' என்று மருந்தின் பெயரையே சொல்லுங்கள். இதற்கு மாற்று வைட்டமின் கே1, அது பல வாரம் தொடர்ந்து தரவேண்டிய சிகிச்சை. முடிந்தால் கேக் டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.