அழுத்தச் சீராக்கி எதைச் சீராக்குகிறது?

நண்பர்களுக்கு வணக்கம். வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கும் நம் பட்டியலுக்கு ஒரு நண்பர் எழுதியது:

> ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டருக்கு ‘எரிபொருள் அழுத்தச் சீராக்கி’ போதும். மேலே பேச ஒன்றுமில்லை.

இன்ஜெக்டருக்கு, அதாவது பெட்ரோலைப் பீய்ச்சும் முனைக்கு, போகும் எரிபொருளின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இது. சீராக்கி எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதும் கருவி) உள்ள வண்டியில் அது எரிபொருள் அழுத்தத்தைச் சீராக வைப்பதில்லை, ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பெயரை நம்பிப் போன வாரம் நானே ஏமாந்தேன்.

என்னிடம் இருப்பது 1990 மாடல் வோல்வோ 740 டர்போ. மேட்டில் மிதித்தால் இருமியது. எரிபொருள் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். ரெகுலேட்டருக்குக் குறித்த அளவு 3 பார் (பார் என்பது அழுத்த அலகு). ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, முள் 2.5இல் நின்றது. சரி, பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி விலைகூட விசாரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) ரெகுலேட்டர் தலைக்கு வரும் வேக்கம் ஹோஸைப் பிடுங்கினேன், முள் 3க்கு ஏறியது. ஐடிலில் மேனிஃபோல்டு காற்று வெளிக்காற்றைவிட அரை பார் குறைவு; எரிபொருளும் அதே அளவு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரமும் இல்லை. இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்துவிட்டது என்று பொருள்.

கோளாறு ஓட்டும்போதுதான் வெளியே வந்தது. கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே டேப்பால் ஒட்டிக்கொண்டு மேட்டில் மிதித்தேன். டர்போ 0.6 பார் ஊதும்போது முள் 3.6 காட்ட வேண்டும். 2.6இல் நொண்டியது. மேனிஃபோல்டில் எதிர்த்து நிற்கும் 0.6ஐக் கழித்தால் இன்ஜெக்டருக்குக் கிடைத்தது 3 அல்ல, 2 பார்தான். பீய்ச்சும் அளவு இதன் வர்க்கமூலத்தோடு போவது. கணக்குப் போட்டால் பெட்ரோல் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைவு. காற்று மட்டும் முழுசாக வருகிறது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் தப்பாது.

கடைசியில் பார்த்தால், டேங்குக்குள் இருக்கும் குட்டிப் பம்பின் விரல் நீள ரப்பர் ஹோஸ் வெடித்துக் கிடந்தது. டேங்கில் பெட்ரோல் இறங்க இறங்க, வண்டிக்கு அடியிலுள்ள பெரிய பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது. ஒரு வாரமாக அது முனகியதை நான் காதில் வாங்கவில்லை.

ஆக, பெயர் வைக்க வேண்டியது கேஜ் காட்டும் அழுத்தத்துக்கு அல்ல. எரிபொருள் மேனிஃபோல்டு காற்றை எவ்வளவு விஞ்சி நிற்கிறது என்பதற்கு. ‘விஞ்சழுத்தம்’ என்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை.

> ‘அழுத்த வேறுபாடு’ இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் எது மேலே, எது கீழே என்று அது சொல்லாது. இங்கே எரிபொருள்தான் மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பீய்ச்சவே முடியாது.

> ‘மிகையழுத்தம்’?

அது அளவு மீறிப்போன தொனி. டர்போ தருவதை ‘ஊதழுத்தம்’ என்று வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: “ஊதழுத்தம் 0.6 ஏறினாலும் விஞ்சழுத்தம் 3இலேயே இருக்க வேண்டும்.” பட்டறையில் சொன்னாலும் புரியும். கருவியின் பெயர் ‘விஞ்சழுத்தச் சீராக்கி’. சீராக்கியை நான் கைவிடவில்லை.

---

(இன்னொரு நண்பரின் மறுமொழி) ஐயா, விஞ்சழுத்தத்துக்கு என் ஓட்டு. ஒரு திருத்தம் மட்டும். கே-ஜெட்ரானிக் (இயந்திர முறையில் எரிபொருள் பீய்ச்சும் பழைய அமைப்பு) பூட்டிய பழைய சாப் 900 டர்போ போன்றவற்றில் எரிபொருளைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே ஒரு ரெகுலேட்டர் உண்டு. அது மேனிஃபோல்டைப் பார்ப்பதே இல்லை. ஏறத்தாழ 5 பாரை அப்படியே பிடித்து வைக்கும். அதற்கு வெறும் ‘அழுத்தச் சீராக்கி’தான் பொருந்தும். பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.