மீன் தொட்டி டியூப் லைட் போட்டு ஒன்றரை வருடம், மாற்ற வேண்டுமா?

நெளிமீன்:
இரண்டடி தொட்டி, மூடிக்குள் 18 வாட் டி8 (தடித்த வகை) டியூப் ஒன்றுதான். போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, தினமும் 12 மணி நேரம் எரிகிறது. இப்போது வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி மெலிந்துகொண்டே போகிறது, கண்ணாடியில் பாசி மட்டும் ஜோராக வளர்கிறது. வெளிச்சம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. புது டியூப் போடுவதா, இல்லை நேராக மெல்லிய டி5 வகைக்குப் போய்விடலாமா?

பாசிக்காரன்:
கண்ணை நம்பாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் கண் பழகிவிடும். உள்ளே ஒளி தரும் பாஸ்பர் பூச்சு வலுவிழந்தாலும் டியூப் எரிந்துகொண்டுதான் இருக்கும். நான் வருடத்துக்கு ஒருமுறை யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

பழையசோக்:
எல்லா டியூபுக்கும் ஒரே கணக்கா? முனையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 765 என்றால் பழைய வகைப் பூச்சு, மாற்றிவிடலாம். 865 என்றால் மூவண்ண பாஸ்பர், வெளிச்சத்தின் நிறம் 6500 கெல்வின். நீங்கள் சொல்வது சுமார் 6,500 மணி நேரம், அதற்குள் அது பெரிதாக மங்காது. முனை ரொம்பக் கறுத்து மினுக்கினால் வேறு கதை. அதற்கு முன்னால் டியூபுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி மூடியைத் துடைத்தீர்களா? நீர்த்துளி காய்ந்து படியும் வெள்ளைக் கறையே நிறைய வெளிச்சத்தைத் தின்றுவிடும். டியூபுக்கு மேலே பளபள தகடு இல்லையென்றால் மேல்பக்கம் போகிற வெளிச்சமும் வீண்தான்.

டி5 எச்ஓ (அதிக வெளிச்சம் தருவது) இரண்டடி வகை 24 வாட், நீளம் 549 மி.மீ., உங்கள் 18 வாட் டியூபோ கிட்டத்தட்ட 590. ஹோல்டரில் உட்காராது, எலக்ட்ரானிக் சோக்கும் வேண்டும். அப்படியே மாற்றினாலும் உரம் போடாத தொட்டியில் வெளிச்சத்தைக் கூட்டினால் லாபம் பாசிக்குத்தான். 12 மணி நேரமே அதிகம், 8-க்கு இறக்குங்கள்.

நெளிமீன்:
865 தான், முனையும் கறுக்கவில்லை! மூடியில் கறை அப்பிக் கிடந்தது, வினிகர் போட்டுத் தேய்த்த பிறகுதான் போனது. தகடு கிடையாது, வெறும் கறுப்பு பிளாஸ்டிக். உரம் இதுவரை போட்டதே இல்லை.

பாசிக்காரன்:
சரி, இந்த முறை என் கட்சி தோற்றது. முதலில் தகட்டையும் உரத்தையும் பாருங்கள். அப்புறம், என்றைக்காவது டியூபைக் கழற்றினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள், உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.