முதல் கேம் முடியப்போகிறது, ஸ்டீமா இட்ச்சா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு சின்னப் புதிர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். நிதானமாக ஆடினாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீம் விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன்பே ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். அதேபோல் இன்னொரு கடையான இட்ச்சில் நுழைவுக் கட்டணமே இல்லை, அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் நாமே வைக்கலாம், பூஜ்யம்கூட வைக்கலாம். கணக்குப் பார்த்தால் ஸ்டீம் பக்கமே போகத் தேவையில்லை போலிருக்கிறது. இன்னொரு பயமும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்படியென்றால் என் கேமை முழுதாக முடித்துவிட்டே ஒருவர் திருப்பிவிடலாமே? அடுத்த மாதம் வெளியிட ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

அடுத்த மாதம் வேண்டாம், தயவுசெய்து. சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதியைப் பாருங்கள். ஸ்டீமில் 100 டாலர் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிடவே முடியும். அதோடு 'விரைவில்' என்று போட்ட ஸ்டோர் பக்கம் குறைந்தது 2 வாரமாவது எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். இது விதிப்படி குறைந்தபட்சம், ஆனால் 2 வாரத்தில் யாருக்கும் உங்கள் கேம் இருப்பதே தெரியாது. நான் முதல் கேமுக்கு அந்த 2 வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன், வெளியான அன்று விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கும் பட்டியலில், என் கேமைப் போட்டிருந்தவர்கள் பெரும்பாலும் என் கல்லூரி நண்பர்கள்தான். விஷ்லிஸ்டில் போட்டவருக்கு வெளியீட்டு நாளில் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்புகிறது, பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுத்தால் அப்போதும் அனுப்புகிறது. அந்த 30 சதவீதத்துக்கு நமக்குக் கிடைப்பது இதுதான். ஸ்கிரீன்ஷாட் நாலைந்து தேறியதுமே பக்கத்தைப் போட்டுவிடுங்கள்.

வரப்போகும் கேம்களின் டெமோக்களுக்காக ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம், அதனால் டெமோ உண்மையிலேயே மெருகேறிய பிறகு அதில் போடுங்கள்.

நண்பர்களுக்கு இலவச கீ (கேமைத் திறக்கும் குறியீடு) கொடுத்து விமர்சனம் எழுதச் சொல்லலாம் என்று நினைத்தால், அது மதிப்பீட்டுக் கணக்கில் சேராது. ஸ்டீமிலேயே காசு கொடுத்து வாங்கியவர் எழுதுவதுதான் சேரும்.

பதில் 2

இட்ச்சை ஸ்டீமுக்குப் போட்டியாக வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டுக்கும் வேலை வேறு. இட்ச்சில் பிரவுசரிலேயே ஓடும்படி கேமை ஏற்றலாம், எதையும் இறக்கி நிறுவாமல் லிங்க்கைத் தட்டினால் ஆடலாம். உங்கள் புதிர்களில் முதல் பத்து நிமிடத்தை மட்டும் அங்கே போட்டு, ஆடுபவர்கள் எந்த இடத்தில் முழிக்கிறார்கள் என்று பாருங்கள். கேம் ஜாம்கள் (சில நாளில் ஒரு கேம் செய்து முடிக்கும் போட்டிகள்) நிறைய நடப்பதும் அங்கேதான், அங்கே வருகிறவர்கள் பாதி வெந்ததையும் பொறுமையாக ஆடிப் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். நான் மூன்று ஜாம் கேம் போட்டிருக்கிறேன், பெரிய வருமானம் இல்லை, ஆனால் ஒரு புதிரை எப்படிப் புரியவைப்பது என்று நான் கற்றதெல்லாம் அந்தக் கருத்துகளிலிருந்துதான்.

எபிக் கேம் கடையையும் சேர்த்துப் பாருங்கள். 2023 முதல் அங்கே நாமே வெளியிடலாம், கட்டணம் அங்கும் 100 டாலர்தான். பங்கு 12 சதவீதம், அதுவும் 2025 ஜூன் முதல் ஒரு கேம் ஆண்டுக்கு ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்கு எதுவும் எடுப்பதில்லை. ஜிஓஜி அவர்களே தேர்ந்தெடுக்கும் கடை, முதல் கேமுக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ரீஃபண்ட் பயம் புரிகிறது, சின்ன கேம் செய்கிற எல்லோருக்கும் இருப்பதுதான். அதற்காக மூன்று மணி நேரம் இழுக்காதீர்கள். தேவையில்லாமல் நடக்கவிட்டு நேரத்தை ஓட்டினால் பிடித்தவரும் பாதியில் விட்டுப் போவார். விலையை நீளத்துக்கு ஏற்றபடி வையுங்கள், ஸ்டோர் பக்கத்திலேயே 'ஒன்றரை மணி நேரப் புதிர்' என்று எழுதிவிடுங்கள். தெரிந்து வாங்குகிறவர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

பதில் 3

இந்தியாவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் ஸ்டீம் கேட்கும் வரிப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள். அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கு அங்கே 30 சதவீதம் வரி பிடிப்பார்கள், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் காட்டி பான் எண்ணைக் கொடுத்தால் அது 15 ஆகக் குறையும். ஸ்டீமில் விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் கட்டிய 100 டாலர் திரும்பக் கிடைக்கும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தேதியை ஐந்து மாதம் தள்ளிவிட்டேன், இந்த வாரமே ஸ்டோர் பக்கத்துக்குப் படம் எடுக்க உட்காருகிறேன். ஒரு சந்தேகம், என் பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது, வங்கிக் கணக்கில் இன்ஷியல் மட்டும். இதனால் சிக்கல் வருமா?

பதில் 3

வரலாம். ஸ்டீமில் பதியும் பெயர், வரிப் படிவத்துப் பெயர், வங்கிக் கணக்குப் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் விண்ணப்பம் கொடுத்து, பான் கார்டில் இருக்கிற மாதிரியே பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.